ஹிமாலயனில் மூன்று இடம் மாறிய கூடுதல் விளக்குகள்

என் வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். வீடு நாமக்கல்லில், மாதம் ஒருமுறையாவது காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறிவிடுவேன். இந்த வண்டியின் ஹெட்லைட் ஃபிரேமோடு நிற்பது, ஹேண்டில்பாரோடு திரும்பாது. கைக்கு பாரம் குறைவு என்பது உண்மை. ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில் ஏறும்போது, சக்கரம் ஒரு பக்கம் திரும்ப, வெளிச்சம் எதிரே தடுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் 20 வாட் எல்இடி இரண்டு வாங்கினேன். மூன்று வருடங்களில் அதே விளக்குகளை மூன்று இடங்களில் மாட்டிப் பார்த்துவிட்டேன்.

முதலில் மாட்டியது கண்ணாடித் தண்டில். உயரத்தில் இருந்தால் தூரம் தெரியும் என்று நினைத்தேன், தெரிந்தது. ஆனால் பனிமூட்டத்தில் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பியது. விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், பனித்துளிகளில் பட்ட ஒளி நேராகக் கண்ணுக்கே திரும்பி வந்துவிடுகிறது. விண்ட்ஷீல்டிலும் ஒளி சிதறியது. சேந்தமங்கலம் பக்கம் ஒரு டீக்கடையில் லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியைப் பார்த்துவிட்டு, "தம்பி, அதைக் கீழ இறக்கிக் கட்டுப்பா, எதிர்ல வர்றவனுக்கு ரோடே தெரியாது" என்றார். அந்த வாரமே கழற்றிவிட்டேன்.

அடுத்து ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள். ரப்பர் உறைக்கு மேலே, கிளாம்ப் போட்டு மாட்டினேன். கொண்டை ஊசியில் இதற்கு நிகரில்லை. கை திரும்பிய பக்கம் வெளிச்சமும் திரும்பியது. அந்தச் சுகத்துக்காகவே ஏழெட்டு மாதம் வைத்திருந்தேன். ஹேண்டிலைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் வயர் மடங்கி நிமிரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஒரு மழை இரவில் இடது விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பிரித்துப் பார்த்தால், மேலே உறை நன்றாக இருக்க, உள்ளே செம்புக்கம்பி அறுந்திருந்தது. கிளாம்பும் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று, ஒளி மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

இப்போது இரண்டு வருடமாக கிராஷ் கார்டில் (வண்டி விழுந்தால் அடி தாங்கும் பக்கவாட்டுக் கம்பி), தரையிலிருந்து சுமார் 60 செ.மீ. உயரத்தில். பள்ளமும் வேகத்தடையும் இப்போதுதான் சரியாகத் தெரிகின்றன. ஒளி தாழ்வாக வருவதால் ஒவ்வொரு மேட்டின் நிழலும் நீண்டு விழுகிறது. பனியிலும் சாலை ஓரக்கோடு தெரிகிறது. மஞ்சள் உறை போட்டிருக்கிறேன், கண் கூசாமல் இருக்க மட்டும். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று சொல்வார்கள், அது சரியல்ல; பனித்துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும்.

கார்டில் மாட்டினால் ஒளி கையோடு திரும்பாதே? இடது விளக்கைச் சற்று வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் எதிரே வருபவரை அது உறுத்தாது, இடது வளைவின் உள்ஓரமும் தெரியும். வலது விளக்கு நேராக, தாழ்வாக. வலது வளைவுகளில் ஃபோர்க்கில் கிடைத்த வெளிச்சம் இதில் இல்லை. வேகத்தைக் குறைத்துத்தான் திரும்புகிறேன்.

கோணம் வைக்கும்போது 7.5 மீட்டர் தள்ளிச் சுவர் இருக்கட்டும். ஒளியின் மேல் விளிம்பு அங்கே 50 செ.மீ. உயரத்தில் விழுந்தால், சாலையில் சுமார் 45 மீட்டர் வரை எட்டும். பின்னால் ஆளை உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும். காலி வண்டியில் வைத்த கோணம் அன்றைக்கு எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும்.

இரண்டும் சேர்ந்து இழுப்பது மூன்றரை ஆம்பியருக்குள்தான். ஆனாலும் ரிலே (விளக்கின் மின்சாரம் சுவிட்ச் வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளும் பாகம்), 5 ஆம்பியர் ஃபியூஸ், தனி சுவிட்ச் மூன்றும் போட்டிருக்கிறேன். எதிரே வண்டி தெரிந்ததும் ஹெட்லைட்டை டிம் செய்யும் கையாலேயே இவற்றையும் அணைத்துவிடுவேன்.

குறை என்றால் சேறு. மழைநாளில் மலை இறங்கி வந்தால் இரண்டு விளக்கின் முகப்புக் கண்ணாடியும் பாதி மறைந்திருக்கும்; துடைக்க ஒரு துணி டேங்க் பையிலேயே கிடக்கிறது. ஒருமுறை ஜல்லியில் வண்டி சாய்ந்தபோது இடது பிராக்கெட் வளைந்தது, விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டறையில் நிமிர்த்தி வாங்கி, அன்று மாலையே மறுபடி சுவர் முன்னால் வண்டியை நிறுத்தினேன்.