மச்சானும் ஜேட் தவளையும்: டி அண்ட் டி ஸ்டார்ட்டர் செட், ஒரு வருடம் ஆடிய பிறகு

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (டி அண்ட் டி) என்ற கதை ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக 2014இல் வந்த ஸ்டார்ட்டர் செட்டின் விதிகளைப் பலரும் அலசிக் காயப்போட்டுவிட்டார்கள். மேஜையில் என் மச்சான் மாதிரி ஓர் ஆள் உட்கார்ந்தால் அந்தப் பெட்டி எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இது.

முதலில் பெட்டி. 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்கக் கதைப் புத்தகம், ஏற்கெனவே நிரப்பித் தந்த ஐந்து கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் விவரத் தாள்), ஆறு பகடை. பெட்டியின் பருமனைப் பார்த்து ஏமாற வேண்டாம், பாதி காற்றுதான். பகடைகளில் இருபது பக்கம் உள்ளது ஒன்றே ஒன்று. எல்லாருக்கும் எப்போதும் தேவைப்படுவதும் அதுதான். இரண்டாவது வாரமே தனியாக நாலு வாங்கிவிட்டேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) எனப்படும் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்ற இடத்தில் பகடை தீர்ப்பு சொல்லும்.

எங்கள் மேஜை வேளச்சேரி வீட்டு டைனிங் டேபிள். ஞாயிறு மதியம் மூன்று மணி. நான் டிஎம். மனைவி ஃபைட்டர், அதாவது போர்வீரர். ஆபீஸ் நண்பர் குள்ள இனத்து கிளெரிக், காயம் ஆற்றும் பூசாரி. எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் எல்ஃப் என்ற கற்பனை இனத்து விசார்ட், மந்திரவாதி. மனைவியின் தம்பி ஹாஃப்லிங் ரோக், அதாவது குட்டி உருவத் திருடன். அந்த ஷீட்டை அவன் ஆசையாகப் பிடுங்கிக்கொண்ட அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கதையின் தொடக்கத்தில் கோப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்களின் குகை ஒன்று வரும். பெட்டியில் என்னைக் கேட்டால் சிறந்த பகுதி அதுதான். உள்ளே யீமிக் என்ற கோப்ளின், சில்டார் என்ற வீரரைப் பத்தடி உயர விளிம்பில் நிறுத்திக்கொண்டு பேரம் பேசுவான். ‘எங்கள் தலைவன் கிளார்க்கைக் கொன்று வாருங்கள், இவரை விடுகிறேன்’ என்பான். அவனுக்குத் தலைவன் நாற்காலி மேல் கண். வாளை எடுக்காமல் வாயால் ஜெயிக்கக்கூடிய இடம்.

மூன்று வாரமாக வாயே திறக்காத எதிர்வீட்டுப் பெண் அன்றைக்குத்தான் நாற்காலி நுனிக்கு வந்தாள். “அங்கிள், நான் அவன்கிட்ட பேசிப் பார்க்கவா?” என்றாள். சரி, பேசு என்றேன். அவள் இரண்டு வாக்கியம் முடிக்கவில்லை. “நான் அம்பு விடறேன்” என்றான் மச்சான், பகடையை உருட்டிக்கொண்டே. அம்பு குறி தப்பியது. சில்டார் கீழே விழுந்தார். கிளெரிக்கிடம் மிச்சமிருந்த கடைசி ஸ்பெல், அதாவது மந்திரம், அவரைப் பிழைக்க வைக்கவே செலவாயிற்று. அந்தப் பெண் ஷீட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, ஓரத்தில் பேனாவால் கட்டம் போட ஆரம்பித்தாள்.

ஏன்டா என்று கேட்டால், “என் கேரக்டர் அப்படித்தான் மாமா செய்வான்.”

அதே குகையில் கிளார்க்கின் பெட்டிக்குள் ஜேட் என்ற பச்சைக்கல்லில் செய்த ஒரு தவளைச் சிலை இருக்கும். தங்கக் கண், 40 பொற்காசு மதிப்பு. மற்றவர்கள் அறையை அலசிக்கொண்டிருக்கும்போது மச்சானிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது: ‘தவளையை நான் எடுத்துக்கிட்டேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க.’ அக்கா பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறாள்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. ஆட்டத்துக்குள்ளேயே அவனுக்குப் பாடம் புகட்டப் பார்த்தேன். பொறிகளெல்லாம் அவன் காலடியில் திறந்தன, எதிரிகள் எல்லாரும் அவனையே குறிவைத்தார்கள். ஆள் சோர்ந்து போவான் என்று நினைத்தேன். அவனோ குஷியாகிவிட்டான். இரண்டு ஞாயிறும் முழுக்க அவன் கதைதானே நடந்தது! மற்ற மூன்று பேரும் முறுக்கு தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

வேறு ஆளாக இருந்தால் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மச்சானை எப்படிச் சொல்வது? தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போக வேண்டாமா?

உதவி தேடினேன். ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் உருவாக்கிய எக்ஸ்-கார்டு என்று ஒன்று இருக்கிறது: X எழுதிய அட்டையை மேஜை நடுவில் வைத்துவிட்டு, கதை யாருக்காவது சங்கடமாகப் போனால் அவர் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்த விஷயத்தை விட்டுவிட வேண்டும். நல்ல யோசனை. ஆனால் அது கதையில் வருகிற விஷயத்துக்கானது, அடுத்தவர் வாயிலிருந்து பேச்சைப் பிடுங்குகிறவருக்கு அல்ல. 2020இல் வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ என்ற டி அண்ட் டி புத்தகத்தில் செஷன் ஜீரோ பற்றி ஒரு பகுதி உண்டு. கதை தொடங்கும் முன்பே எல்லாரும் உட்கார்ந்து எது சரி, எது கூடாது என்று பேசிக்கொள்வது. நாங்கள் அதைப் பத்தாவது செஷனில் செய்தோம்.

ஆனால் அதற்கு முன்னால் அவனைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கேரக்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “மாப்ளே, அந்தப் பொண்ணு ரெண்டு வாரமா வரல. கவனிச்சியா?” என்று கேட்டேன். பரீட்சை என்று நினைத்தானாம். நான் பதில் சொல்லவில்லை. டீ ஆறுகிற வரைக்கும் அவனும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “பேச்சு இழுத்துக்கிட்டே போனா எனக்கு போரடிக்குது மாமா” என்றான். அது உண்மை. அவன் கெட்டவன் இல்லை, பொறுமை இல்லாதவன். “தாயம் விளையாடும்போதே என் முறையில அவன்தான் உருட்டுவான்” என்று மனைவி பிற்பாடு சொன்னாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சண்டை என்று வந்தால் இந்த ஆட்டத்தில் இனிஷியேட்டிவ் உண்டு, பகடை உருட்டி வரிசை போட்டுக்கொள்வோம். சண்டையில் மச்சானால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. பேச்சுக் காட்சியில் வரிசை கிடையாது, குரல் பெரியவன் வைத்ததே சட்டம். அதனால் பேச்சுக்கும் வரிசை வைத்தேன். இடமிருந்து வலமாக ஒவ்வொருவரையும் “நீங்க என்ன செய்றீங்க?” என்று கேட்பேன். ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் பகடையைத் தொடக் கூடாது. சொந்தக் குழுவினரிடமே திருடுவதற்கும் தடை. இவ்வளவுதான் விதி. எதிர்வீட்டுப் பெண்ணிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன், திரும்ப வந்தாள்.

இந்த இடத்தில் பெட்டியும் கைகொடுத்தது. ஒவ்வொரு ஷீட்டிலும் அந்தப் பாத்திரத்துக்கென்று ஒரு சொந்தக் குறிக்கோள் எழுதியிருப்பார்கள். ரோக்குக்கு, ஃபாண்டலின் ஊரை மிரட்டும் ரெட்பிராண்ட் கும்பலோடு பழைய கணக்கு பாக்கி. நான் அந்த வரியைச் சரியாகப் படிக்காமல் விட்டிருந்தேன். ஊருக்குள் நுழைந்ததும் அதை மச்சான் கையில் கொடுத்தேன். பாய்வதற்கு ஓர் இலக்கு கிடைத்ததும் நண்பர்கள் மேல் பாய்வது குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

வாங்கலாமா? முதல்முறை டிஎம் ஆகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், பழைய பிரதி கிடைத்தாலும் விடாதீர்கள். கதைக்கு ஐந்துக்கு நாலரை. பகடைக்கு இரண்டு. அடங்காத ஆட்டக்காரரை வைத்து எப்படிச் சமாளிப்பது என்று விதிப் புத்தகத்தில் தேடாதீர்கள், டீக்கு இருபது ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். ஐந்து ஷீட்டையும் முதல் நாளே குறிக்கோள் வரி வரைக்கும் படித்துவிட்டு, யாருக்கு எது என்று நீங்களே பிரித்துக் கொடுங்கள்.

தவளை இன்னும் அவன் பையில்தான் இருக்கிறது. போன வாரம் விசார்ட் அதைப் பற்றி ஜாடையாகக் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் புத்தகத்தைப் புரட்டினேன்.