மேக்புக் ஏரா, எக்ஸ்பிஎஸ்ஸா, எக்ஸ்1 கார்பனா: டெல்டாவில் வைத்துப் பார்த்தால்

மாசி பிறந்து தாளடி அறுவடை நடக்கும் நாட்களில் லெனோவாவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் லேப்டாப்பின் ஃபேன் கத்தத் தொடங்கும். பிரவுசரில் நாலைந்து பக்கமும் ஒரு எக்செல் ஷீட்டும் திறந்திருந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஏறும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பொருளில் இது கோபத்தை வரவழைக்கிற குறை. அதே மேசையில் ஆப்பிளின் மேக்புக் ஏர் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் கோபம் இரட்டிப்பாகும்.

புது மாடல் வந்து பழையதன் விலை இறங்கும்போதெல்லாம் ஏர், டெல் எக்ஸ்பிஎஸ் 13, எக்ஸ்1 கார்பன் மூன்றில் எதை எடுப்பது என்ற கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர்களுக்கு பிராசசர், ரேம், திரை விவரமெல்லாம் மனப்பாடம். அந்தக் கணக்கில் மூன்றுமே நல்ல மெஷின்கள், அதில் சண்டை இல்லை. மன்னார்குடிப் பக்கமோ பாபநாசத்திலோ வயலை ஒட்டிய வீட்டில் நாலைந்து வருஷம் வைத்து வேலை பார்க்கும்போது வேறு விஷயங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. முதலாவது தூசு.

சாலைத் தூசு பொடியாக இருக்கும். அதில் பெரும்பகுதி ஃபேன் தள்ளும் காற்றோடு வெளியே போய்விடும். அறுவடை மெஷினும் வைக்கோல் கட்டும் மெஷினும் கிளப்பிவிடுவது நெற்பயிரின் அரிக்கும் நுண்மயிரான சுணையும் வைக்கோல் துகளும். இவை நார் நாராக இருப்பவை. லேப்டாப்பின் அடிப்பக்கத் துளைகள் வழியாக உள்ளே போய், ஃபேனுக்கும் காற்று வெளியேறும் வாயில் நெருக்கமாக அடுக்கியிருக்கும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில் குறுக்கே படுத்துக்கொள்ளும். ஒரு நார் படுத்துவிட்டால் அடுத்தது அதன்மேல் சிக்கும். ஒரு போகத்துக்குள் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் அங்கே சேர்ந்துவிடும். அப்புறம் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், காற்று மட்டும் வெளியே வராது. பிராசசர் 95 டிகிரியைத் தாண்டி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "லேப்டாப் ஸ்லோ ஆயிடுச்சு, விண்டோஸ் மாத்திப் போடுங்க" என்று கடைக்கு வருபவற்றில் இந்த வகையும் உண்டு. விண்டோஸை எத்தனை தடவை மாற்றிப் போட்டாலும் அந்தப் படலம் அங்கேயேதான் இருக்கும்.

வீட்டுக்குப் பக்கத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருந்தால் இன்னும் மோசம், தூற்றும் மெஷின் நாள் முழுக்க ஓடும். குறுவைக்கு வேறொரு தொல்லை. புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையும் மழையும் சேர்ந்து வருவதால் சுணை ஈரத்தோடு தகட்டில் ஒட்டிக் காய்ந்துவிடும். ஊதினால் வராது, திறந்து எடுத்தாக வேண்டும்.

அடைத்திருக்கிறதா என்று பார்க்க மெஷினைத் திறக்க வேண்டியதில்லை. ஃபேன் சத்தமாக ஓடும்போது காற்று வெளிவரும் வாயில் ஒரு டிஷ்யூ காகிதத்தைக் கீற்றாகக் கிழித்துப் பிடியுங்கள். நன்றாகப் படபடத்தால் குறை வேறு எங்கோ. தொய்ந்து தொங்கினால் உள்ளே அடைப்பு. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வெப்பத்தையும் ஃபேன் சுற்றையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். வேலை கொடுத்தபின் வெப்பம் 95-க்கு ஏறி அங்கேயே நின்று, ஃபேனும் உச்சத்தில் ஓடி, டிஷ்யூவும் தொய்ந்தால் அடைப்பு என்றே கொள்ளலாம். அடைப்பில்லாமலே இப்படிச் சூடேறினால், சிப்பின் சூட்டை வெளியே கடத்த அதன்மேல் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம்.

எக்ஸ்1-ஐத் திறந்து சுத்தம் செய்வது கஷ்டமான வேலை இல்லை, வரிசை மட்டும் தப்பக்கூடாது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, மெஷினை ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி, விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள். கான்ஃபிக், அதற்குள் பவர், அதற்குள் டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி. இதைக் கொடுத்ததும் மெஷின் தானே அணையும், மறுபடி சார்ஜர் செருகும்வரை உயிர் வராது. கீழ்மூடியைப் பிடித்திருப்பவை சாதாரண ஸ்டார் (பிலிப்ஸ்) திருகுகள். தளர்த்தினால் மூடியோடேயே நிற்கும், உருண்டு தொலையாது. மூடியின் ஓரத்தில் பழைய ஏடிஎம் கார்டை விட்டு மெதுவாக நெம்பினால் கொக்கிகள் விடும். ஸ்க்ரூடிரைவர் முனையை விட்டு நெம்பினால் கொக்கி உடையும், அதற்கப்புறம் அந்த மூலை எப்போதும் கொஞ்சம் தூக்கியே இருக்கும், அடுத்த போகத்துச் சுணைக்கு அதுவே வாசல்.

உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிடுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் நகராமல் பிடித்துக்கொண்டு, வெளிவாய்ப் பக்கத்திலிருந்து ஃபேனை நோக்கி ஊதவேண்டும். ஃபேன் பக்கத்திலிருந்து ஊதினால் படலம் தகட்டுக்குள் இன்னும் இறுகும். இறக்கையைப் பிடிக்காமல் ஊதினால் அது வெறித்தனமாகச் சுற்றி பேரிங் கெடும். சத்தத்தைக் குறைக்கச் செய்த வேலையே சத்தத்தைக் கூட்டிவிடும். பைக் கடை கம்ப்ரசர் வேண்டாம், அதில் காற்றோடு தண்ணீரும் வரும். ஈரத்தோடு ஒட்டிப்போன குறுவைச் சுணை என்றால் ஃபேனும் ஹீட்சிங்கும் (சிப்பின் சூட்டைத் தகடுகளுக்குக் கொண்டுபோகும் உலோகம்) சேர்ந்த பாகத்தையே வெளியே எடுத்து, ட்வீசரால் படலத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே துண்டாக உரிந்து வரும். எடுத்தால் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதுப் பேஸ்ட் போடாமல் மூடக்கூடாது. ஹீட்சிங்க் திருகுகளுக்குப் பக்கத்தில் எண் பொறித்திருக்கும், அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முதலிலேயே முறுக்கிவிட்டால் சிப்பின்மேல் சரியாக உட்காராது. படத்தோடு கூடிய ஹார்ட்வேர் மெயின்டனன்ஸ் மேனுவலை லெனோவா தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. உங்கள் ஜெனரேஷனுக்கு உரியதை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு ஜெனரேஷனிலும் உள்ளமைப்பு மாறும்.

மாசிக் கடைசியில் ஒன்று, குறுவை முடிந்து ஒன்று என வருஷத்துக்கு இரண்டு தடவை இதைச் செய்தால் எக்ஸ்1 சத்தமில்லாமல் இருக்கும். செய்யவேண்டியிருக்கிறதே என்பதுதான் எரிச்சல்.

ஏரில் இந்தப் பேச்சே இல்லை. 2020 கடைசியில் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வந்ததிலிருந்து ஏரில் ஃபேன் கிடையாது. காற்றை உள்ளே இழுக்கும் பாகமே இல்லாததால் சுணைக்கு உள்ளே வேலையில்லை. களத்துமேட்டுப் பக்கத்தில் வைத்து ஓட்டினாலும் அதே அமைதி, அதே வேகம். டெல்டாவுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று ஆப்பிள் விளம்பரத்தில் சொல்லியிருக்காது. கல்யாண வீடியோ மாதிரி நீண்ட எக்ஸ்போர்ட் போட்டால் சூடேறி வேகம் குறையும். அந்த வேலைக்கு ஃபேன் வைத்த மேக்புக் புரோதான் சரி. எழுத்து, கணக்கு, பாடம் எடுப்பது என்றிருப்பவர்களுக்கு ஏரின் வேகம் தாராளம்.

ஏரின் பலவீனம் திரை. மூடினால் திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் இடமே கிடையாது. கேமராவுக்கு மூடி ஒட்டினால் அது 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, அதாவது ஒரு பிரிண்டர் தாளின் தடிமன், என்று ஆப்பிளே 2020-இல் எச்சரித்தது. ஒரு நெல்மணியோ ஒரு சின்னக் கல்லோ கீபோர்டின்மேல் கிடக்கும்போது மூடினால் திரையில் விரிசல் விழும், அது விபத்துச் சேதம் என்றே கணக்காகும், சாதாரண வாரண்டியில் வராது. மூடுமுன் ஒரு தடவை கையால் தடவிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இந்தச் செலவு வராது.

இன்னொன்று, சார்ஜில் இருக்கும்போது அந்த அலுமினிய உடம்பில் கை வைத்தால் சுருசுருவென்று இருக்கும். இரண்டு பின் சார்ஜரில் எர்த் இல்லாததால் வரும் மிகச் சிறிய கசிவு அது. ஆளுக்கு ஆபத்தில்லை, எரிச்சல்தான். மூன்று பின் உள்ள நீளக் கேபிளைப் போட்டால் போய்விடும், வீட்டு எர்த் சரியாக இருந்தால். பழைய வீடுகளில் சித்திரை, வைகாசியில் எர்த் குழி காய்ந்து கட்டியாகிக் கிடக்கும், மூன்று பின் போட்டும் சுருசுருப்பு இருந்தால் அந்தக் குழியில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது லேப்டாப்புக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ள எல்லோருக்கும் நல்லது.

எக்ஸ்பிஎஸ் 13-ஐப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. திரை அழகு, உடம்பு கச்சிதம். ஆனால் 2022-இல் வந்த எக்ஸ்பிஎஸ் 13 ப்ளஸ் 9320-லும் 2024-இன் 9340-லும் மேல்வரிசை எஃப் கீகளை எடுத்துவிட்டுத் தொடு பட்டை வைத்தார்கள். அரிசி ஆலையிலும் உரக்கடையிலும் ஆடிட்டர் ஆபீசிலும் டேலி என்ற கணக்கு மென்பொருளில்தான் நாள் ஓடுகிறது. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசிப்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்று விரல் திரையைப் பார்க்காமலே போகும். வழுவழு கண்ணாடியில், அதுவும் வியர்வைக் கையோடு, எஃப்8 எது எஃப்9 எது என்று குனிந்து பார்த்துத் தொடவேண்டியிருந்தால் அது கணக்கு எழுதுபவருக்கான மெஷின் இல்லை. அந்த இரண்டு மாடலிலும் ஹெட்போன் துளைகூடக் கிடையாது, இருப்பது இரண்டே இரண்டு டைப்-சி. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி விஷயத்திலும் மாடல் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே ஆண்டில் வந்தவைதான், 9320-இல் எஸ்எஸ்டியைக் கழற்றலாம், 9315-இல் அது போர்டோடு பற்றவைத்தது. அதுபோக எக்ஸ்பிஎஸ்ஸிலும் ஃபேன் உண்டு, சுணை அதிலும் அடைக்கும், கீழ்மூடிக்கு டார்க்ஸ் டி5 முனை வேண்டும்.

ஏர் வாங்க நினைக்கும் வியாபாரிகளுக்கும் இதே டேலிதான் தடை. அது விண்டோஸில் ஓடும் மென்பொருள், மேக்கில் ஓட்ட நடுவில் இன்னொரு மென்பொருள் வைத்து விண்டோஸ் ஏற்ற வேண்டும். ஜிஎஸ்டிக்கும் டெண்டருக்கும் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பழைய யூஎஸ்பி வகை. எக்ஸ்1-இல் அது நேரே செருகும், எச்டிஎம்ஐயும் உடம்பிலேயே இருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்ய மூன்றும் ஒன்றுதான். மேக்கில் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் உள்ளேயே இருக்கின்றன, விண்டோஸ் 10-இலும் 2019 மே அப்டேட்டிலிருந்து உண்டு. விரலுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்: எக்ஸ்1 கீ 1.5 மில்லிமீட்டர் அமுங்கும், ஏரும் எக்ஸ்பிஎஸ்ஸும் 1 மில்லிமீட்டர் அளவுதான்.

மின்சாரம் மூன்றுக்கும் பொது. சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பம்புசெட் ஓடும் நேரத்துக் குறைந்த வோல்டேஜால் லேப்டாப் கெடாது. கெடுப்பது லைனில் நியூட்ரல் கம்பி அறுவது. 2018 நவம்பரில் கஜா அடித்த மாதிரி ஒரு புயலுக்குப் பிறகு லைனை இழுத்துக் கட்டி முதல் தடவை மின்சாரம் விடும்போது 230 வரவேண்டிய இடத்தில் 400 வந்துவிட வாய்ப்புண்டு. பல்பு எரிந்து, வெளிச்சம் ஒரே சீராக இருக்கிறது என்று கண்ணால் பார்த்தபின் சார்ஜரைச் செருகுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று டைப்-சி துளைக்குள் பச்சை பூக்கவைக்கும். அங்கே இருப்பவர்கள் லேப்டாப்பைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பைக்குள் வைத்து ஜிப் போட்டு வையுங்கள். அடைமழை நாட்களில் வாரக்கணக்கில் பீரோவில் கிடக்கும் மெஷினைவிடத் தினமும் ஓடும் மெஷினில் ஈரம் குறைவாகத் தங்கும்.

இவ்வளவு திட்டிவிட்டு எக்ஸ்1 கார்பனைத்தான் சொல்கிறேன். தை, மாசியில் கேட்டிருந்தால் ஏர் என்று பதில் வந்திருக்கும், அந்த நேரத்துக் கோபம் அப்படி. எக்ஸ்1-இன் குறை ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்கு அடங்கும் குறை, கும்பகோணத்திலோ திருவாரூரிலோ எந்த நல்ல மெக்கானிக்கும் செய்துவிடுவார். போர்டே போனாலும் எம்.2 எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் கணக்கு கைக்கு வந்துவிடும், விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் சாவியை எழுதி வைத்திருந்தால். ஏரில் ரேமும் எஸ்எஸ்டியும் போர்டோடு போகும். ஏர் எடுப்பவர்கள் டைம் மெஷினுக்கு (மேக்கின் பேக்கப் வசதி) ஒரு வெளி டிஸ்க்கையும் அதே பில்லில் போட்டுக்கொள்ளுங்கள். டேலியும் டோக்கனும் தேவைப்படாத ஆசிரியர், மாணவர், எழுத்தாளர் என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன், ஏரையே எடுங்கள்.

எக்ஸ்1-இலும் ரேம் பற்றவைத்ததுதான், அதனால் 16 ஜிபிக்குக் கீழே எடுக்கவேண்டாம். ரேமைப் பிறகு கூட்டவேண்டும் என்பவர்கள் 2024-இன் திங்க்பேட் டி14 ஜென் 5-ஐப் பாருங்கள், கொஞ்சம் கனம், ஆனால் இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு. பணம் கட்டுமுன் ஒன்று: ஆன்சைட் வாரண்டி, அதாவது வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பார்கள், என்று கடைக்காரர் சொன்னால் உங்கள் ஊர் பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று கம்பெனியின் எண்ணுக்கே போன் செய்து கேளுங்கள். தஞ்சாவூருக்கு வருபவர்கள் முத்துப்பேட்டைக்கும் வருவார்கள் என்று நம்பி மூன்று வருஷ வாரண்டிக்குக் காசு கொடுக்காதீர்கள்.