பழைய தாள்களை நம்பிக் கொடுக்கலாம்: செவ்வாய்ப்பேட்டை பைண்டிங் கடை

சேலத்தில் பழைய காகிதக் கட்டு வைத்திருப்பவர்கள் கேட்டால் நான் கைகாட்டுவது செவ்வாய்ப்பேட்டை சந்துக்குள் இருக்கும் இந்தச் சின்னக் கடையைத்தான். பெயர்ப்பலகை கிடையாது. கணக்கு நோட்டும் ரசீது புத்தகமும்தான் அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு.

நான் கொடுத்தது அப்பா விட்டுப்போன கட்டு. அவர் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது பற்றிய பேப்பர் கட்டிங்குகள் பாதி. மீதிப் பாதி, ஸ்டாலின் காலத்து உழைப்பு முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் சொன்னதைப் படித்து அவர் கைப்பட எடுத்த குறிப்புகள். முகாம்கள் இருந்த கொலிமாவின் தங்கச் சுரங்கம், வொர்குட்டாவின் நிலக்கரிச் சுரங்கம், 'புரட்சிக்கு எதிரானவர்' என்று தண்டிக்கும் சோவியத் சட்டத்தின் 58-ஆவது பிரிவில் கிடைத்த பத்து வருடத் தண்டனைகள். சோவியத் நாட்டை உயிராய் நினைத்த மனிதர் இதையெல்லாம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாரே என்று எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

முகாமில் அன்றைக்குக் குறித்த வேலையை முடித்தால்தான் முழு ரொட்டி. முடிக்காவிட்டால் அளவு குறையும். அரைவயிற்றோடு போகிறவன் மறுநாள் இன்னும் பின்தங்குவான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அப்பா பென்சிலால் கிராம் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். பைண்டர் அண்ணன் கண்ணில் முதலில் பட்டதே அதுதான். "மெஷின்ல ஓரம் வெட்டினா இந்தக் கணக்குப் போயிடும் டீச்சர். வெட்டாமலே தைச்சுத் தர்றேன்" என்றார். அப்படியே செய்தார். முழுக்க நூல் தையல், முதுகுக்குக் காலிகோ துணி, பூச்சி வராமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம்.

எழுதி மாட்டினால் மறுபடி தண்டனை என்று கவிதைகளை வருடக்கணக்காக மனப்பாடமாகவே வைத்திருந்த கைதிகள் உண்டு. சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட லாட்வியர்கள் பிர்ச் மரப்பட்டையில் கடிதம் எழுதினார்கள். அதையெல்லாம் படித்தவளுக்கு, ஒரு ஓரக் குறிப்பைக்கூட விடாத கைமேல் மரியாதை வராமல் இருக்குமா?

இரண்டு புத்தகமாகப் போடட்டுமா என்று கேட்டார். ஒன்றாகவே போடச் சொன்னேன். தேர்தலும் பத்திரிகையும் இருந்த நாட்டில் நடந்த துப்பாக்கிச்சூடும், ஒரே கட்சி ஆண்ட நாட்டில் லட்சக்கணக்கானோரை விழுங்கிய முகாம்களும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் அப்பா இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தார். பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

குறை என்றால், சொன்ன தேதிக்குக் கிடைக்காது. போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தங்க எழுத்துக்குத் தமிழ் அச்சு அவரிடம் இல்லை. அட்டையில் பெயரை நானே எழுதி ஒட்டினேன். கூலி 600 ரூபாய், இந்த வேலைக்கு அதிகமே இல்லை.

போகிறவர்கள் பக்க எண்ணை மெல்லிய பென்சிலில் போட்டுக்கொண்டு போங்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் பின்னை வீட்டிலேயே எடுத்துவிடலாம். செல்லோடேப்பில் மட்டும் கை வைக்காதீர்கள், தாளோடு பிய்ந்து வரும். அதை அவரே பார்த்துக்கொள்வார்.