ஜிம்மி ஸ்மித்தின் ஆர்கன்: 1960-உம் 1972-உம்

அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் ஹாமண்ட் ஆர்கன் (மின்சார ஆர்கன்) இசையை முதன்முறையாகக் கேட்க விரும்புவோருக்கு இரண்டு ஆல்பங்களைச் சொல்லலாம். ‘பேக் அட் த சிக்கன் ஷாக்’ 1960 ஏப்ரலில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகி, 1963இல் ப்ளூ நோட் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ‘ரூட் டவுன்’ 1972 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து கிளப் ஒன்றில், ரசிகர்களின் ஆரவாரத்துக்கு நடுவே பதிவானது.

இரண்டையும் பிரிப்பது பேஸ் ஒலியே, அதாவது இசையைத் தாங்கும் தாழ்ந்த சுரங்களே. முன்னதில் பேஸ் கலைஞர் எவரும் இல்லை. இடக்கையாலும் காலடிப் பெடல்களாலும் ஸ்மித்தே அப்பணியைச் செய்ய, அதன்மேல் ஸ்டான்லி டரன்டைனின் டெனர் சாக்ஸபோன் அவசரமின்றி உலவுகிறது. பின்னதில் வில்டன் ஃபெல்டர் பேஸ் கிட்டாரை ஏற்றுக்கொண்டதால் ஸ்மித்தின் இரு கைகளும் விடுதலை பெறுகின்றன. பால் ஹம்ப்ரியின் டிரம்ஸும் ஆர்தர் ஆடம்ஸின் கிட்டாரும் சேர்ந்து இசையை முழுமையாக ஃபங்க் (தாளத் துள்ளல் மிக்க நடன இசை) பக்கம் இழுத்துவிடுகின்றன.

வரவேற்பும் வெவ்வேறு வழியில் வந்தது. முன்னது சோல் ஜாஸின் (கறுப்பின தேவாலய இசையின் சாயல் கொண்ட ஜாஸ் வகை) அடிப்படை நூல்போல மதிக்கப்படுகிறது. பின்னதன் தலைப்பு இசையை 1994இல் பீஸ்டி பாய்ஸ் என்ற ஹிப்-ஹாப் குழு தன் பாடலொன்றில் எடுத்தாண்டதால், ஹிப்-ஹாப் ரசிகர்களும் (ஜாஸ் கேட்டே இராதவர்கள் உட்பட) அதைத் தேடத் தொடங்கினர். நுணுக்கத்துக்கு முன்னதையே நான் மதிப்பேன். ஆனால் முதலில் கேட்கப் பரிந்துரைப்பது ‘ரூட் டவுன்’.