பசுமைக்குடிலுக்குப் புதுத் தாள்: எதைப் போர்த்துவது, எப்படிப் பிடித்துக் கட்டுவது?

பசுமைக்குடிலின் பாலித்தீன் தாள் தேறுமா தேறாதா என்று அறிய, அதன் நடுப்பகுதியைப் பார்த்துப் பயனில்லை. இரும்பு வளைவு தாளைத் தொடுகிற கோட்டைப் பாருங்கள். அங்கே பழுப்பேறி, விரலால் மடித்ததும் சடக்கென்று முறிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. இரண்டு வளைவுகளுக்கு நடுவே அதே தாள் இன்னும் நெகிழ்ந்துகொடுக்கும். வெயிலில் குழாய் காய்ந்து, தொடும் இடத்தில் தாளை நாள்தோறும் வாட்டுகிறது. புற ஊதாக் கதிரும் கூடச் சேர்ந்துகொள்கிறது. விற்பவர்கள் தாளின் கனத்தைப் பற்றியே பேசுவார்கள். ஆனால், தாள் பெரும்பாலும் கிழிவது இந்தக் கோட்டில்தான்.

கிழிசல் சிறியதாக, தாள் இன்னும் நெகிழ்வாக இருந்தால் மாற்றவே வேண்டியதில்லை. பாலித்தீனுக்கென்றே வரும் புற ஊதா தாங்கும் ஒட்டுநாடாவை, துடைத்து உலர்த்திய பரப்பில் உள்ளும் புறமும் ஒட்டினால் ஒன்றிரண்டு பருவங்கள் ஓட்டிவிடலாம். முறியத் தொடங்கிய தாளில் ஒட்டுப்போடுவது வீண்வேலை. ஒட்டிய இடம் நிற்கும், அதன் ஓரத்தில் புதிதாகக் கிழியும்.

கட்டட வேலைக்கு விற்கும் சாதாரண பாலித்தீன் தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது. புற ஊதாத் தடுப்புச் சேர்க்கை இல்லாததால் கடும் வெயிலில் சீக்கிரமே செதில் செதிலாக உதிரும். அந்தத் துணுக்குகளை மண்ணிலிருந்து பொறுக்கி மாளாது.

உண்மையான போட்டி புற ஊதா தாங்கும் விவசாயத் தாளுக்கும், இழை பின்னிய தாளுக்கும், பாலிகார்பனேட் பலகைக்கும் இடையில்தான்.

விவசாயத் தாளில் பெரும்பாலோர் வாங்குவது 200 மைக்ரான் கனமுள்ளது. கனத்தைக் கடைகளில் சொல்லும் கேஜ் கணக்கில் அது 800. இதிலேயே சில வகைகள் உண்டு. தெளிந்த தாளில் வெளிச்சம் நேராக இறங்கும்; மேல் இலைக்கு வெயிலும் கீழ் இலைக்கு நிழலுமாகப் போகும். மங்கலாகத் தெரிகிற தாள் வெளிச்சத்தைச் சிதறவிடுவதால் நிழல்கள் மென்மையாகி அடி இலைக்கும் ஒளி எட்டும். வெயில் கடுமையான இடத்தில் மங்கல் தாளையே எடுப்பேன். வெயிலுக்கே ஏங்கும் இடமென்றால் தெளிந்த தாள். இரவுக் குளிர் தொல்லை தருமானால் வெப்பம் காக்கும் தாளைக் கேட்டு வாங்கலாம். சாதாரண பாலித்தீன் மண்ணிலிருந்து எழும் வெப்பக் கதிரை இரவில் தாராளமாக வெளியே விட்டுவிடும். இந்தத் தாள் அதில் ஒரு பங்கைத் தடுக்கும். சூடேற்றும் கருவி எதுவும் இல்லாத குடிலில் இதிலிருந்து அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

நீர் சொட்டாத பூச்சு என்று ஒன்று உண்டு. அது வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் வேண்டும் என்பேன். சாதாரண தாளின் உட்புறத்தில் விடியற்காலையில் நீர் முத்து முத்தாகத் திரண்டு இலைமேல் சொட்டும். பூஞ்சை நோய்க்கு அதைவிட நல்ல வரவேற்பு இல்லை. இந்தச் சேர்க்கை உள்ள தாளில் நீர் மெல்லிய படலமாகப் பரவி ஓரத்துக்கு வழிந்துவிடும். தாளின் பலம் போவதற்கு முன்பே இந்தக் குணம் மங்கிவிடும் என்பது உண்மைதான். இருந்தாலும் கிடைத்தவரை லாபம்.

இழை பின்னிய தாளின் பலம் கிழிசலைக் கட்டுப்படுத்துவதில் இருக்கிறது. முள்ளோ கிளையோ குத்தினால் ஓட்டை விழும், ஆனால் அது ஓடாது. காற்று ஓயாமல் அடிக்கும் வெட்டவெளியில் இது பெரிய ஆறுதல். பதிலுக்கு வெளிச்சம் சற்றுக் குறையும். பின்னலின் இடுக்குகளில் பாசியும் தூசியும் படிந்தால் கழுவுவதும் சிரமம். கீரையும் நாற்றும் வளர்ப்பவருக்கு அந்த வெளிச்சக் குறைவு உறுத்தாது. தக்காளிக்காரர் யோசிக்கவேண்டும்.

இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் பலகை நீடித்து உழைக்கும், குளிரையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் அதை ஏற்கும்படி குடிலின் சட்டகம் இருக்கவேண்டும். இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஓடும் உள் வரிகள் வளைவின் போக்கிலேயே அமையும்படிதான் பலகையை வளைக்கலாம். வளைவின் ஆரம் பலகையின் கனத்தைப்போல் குறைந்தது 175 மடங்கு இருக்கவேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் கணக்கு. 6 மில்லிமீட்டர் பலகைக்கு அது ஒரு மீட்டருக்குச் சற்று மேலே வரும். 3 மீட்டர் அகலமுள்ள அரைவட்டக் குடில் இதைத் தாங்கும். குறுகிய குடில் தாங்காது. திருகுத் துளையைப் பெரிதாகவே போடவேண்டும், வெயிலில் பலகை நீள இடம் வேண்டுமல்லவா. வெட்டிய முனைகளை நாடாவால் மூடாவிட்டால் உள்ளே பாசி குடியேறிவிடும். சட்டகத்தில் குறுக்குச் சட்டங்கள் சேர்க்க மனமும் கையிருப்பும் இல்லாதவர் இதை விட்டுவிடலாம்.

தாளைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் யோசனையில் பாதியையாவது அதைப் பிடித்துக் கட்டும் முறைக்கு ஒதுக்குங்கள். ஓரங்களைப் பள்ளம் தோண்டி மண்ணில் புதைப்பது பழைய வழி. செலவில்லை, காற்றுக்கு அசையாது. ஆனால் தாள் தொய்ந்தால் மறுபடி தோண்டவேண்டும். மரச்சட்டத்தில் ஆணி அடித்து இறுக்குவது நடுவழி; ஆணி ஏறிய ஒவ்வொரு இடமும் கிழிசலுக்கு ஒரு தொடக்கம். என் ஓட்டு அலுமினியப் பள்ளச்சட்டத்துக்கும் அதில் நெளிநெளியாக அழுத்திப் பொருத்தும் கம்பிக்கும்தான். தாளில் துளையே விழாது. தொய்ந்த இடத்தில் கம்பியைக் கழற்றி, இழுத்து, மறுபடி அழுத்தினால் முடிந்தது. அடுத்த தாள் மாற்றும்போதும் இதே சட்டம் உதவும்.

வளைவுகளின் மேல் நுரைநாடா ஒட்டுவதைத் தவிர்க்காதீர்கள். குழாயின் சூட்டுக்கும் தாளுக்கும் இடையே அது நிற்கும். உயர்ந்த தாளை வாங்கிவிட்டு இந்த நாடாவில் சிக்கனம் பார்ப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை. தாள் பிவிசி குழாயைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்; அதிலிருந்து வரும் குளோரின் தாளின் தடுப்புச் சேர்க்கையைக் கெடுக்கும். குடிலுக்குள் கந்தகப் புகை போடும் வழக்கமும் அதே வேலையைத்தான் செய்யும்.

அளவு எடுக்கும்போது அரைவட்டக் குடிலின் அகலத்தை 1.57ஆல் பெருக்கினால் வளைவின் நீளம் வரும். 3 மீட்டருக்கு 4.71. புதைப்பதானால் பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் சேர்த்து 6 மீட்டர் அகலத் தாள் வாங்கவேண்டும். சட்டத்தில் மாட்டுவதானால் அதைவிடக் குறைவாகவே போதும்.

மாட்டுவதற்குக் காற்றில்லாத, வெதுவெதுப்பான நாளைத் தேர்ந்தெடுங்கள். குளிரில் இறுக்கிய தாள் வெயில் ஏறியதும் தொய்ந்து படபடக்கும். சூட்டில் இளகியிருக்கும்போது இழுத்துக் கட்டினால், குளிர்ந்ததும் தானாகவே இறுகும். நீர் சொட்டாத பூச்சு உள்ள தாளில் எந்தப் பக்கம் உள்ளே வரவேண்டும் என்பது பெரும்பாலும் ஓரத்தில் அச்சிட்டிருக்கும். தாளைச் சுருளிலிருந்து விரிப்பதற்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள். 6 மீட்டர் அகலத் தாளைக் கூரைமேல் வைத்துக்கொண்டு திருப்பிப் போட நான்கு பேர் தேவைப்படும்.