பென்சில் எழுத்தை அழித்துவிட்டார்கள்: பழைய பேஸ்பால் கார்டை விலை கேட்கக் கொண்டுபோகும் முன் படியுங்கள்

பழைய பேஸ்பால் கார்டோ, தபால்தலையோ, நாணயமோ கையில் வைத்துக்கொண்டு "சும்மா விலை மட்டும் கேட்டுப் பார்ப்போம்" என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் சும்மா விலை கேட்கத்தான் போனேன்.

பிட்ஸ்பர்க்கில் பதினேழு வருடமாக இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில், அது 1986-இல் மூடப்படும் வரை வேலை பார்த்தவர். நாங்கள் வந்த முதல் பனிக்காலத்தில் எங்கள் வாசல் பனியையும் சேர்த்து அள்ளிப் போட்டவர். பேஸ்பால் எனக்குப் புரிய ஆரம்பித்ததே அவர் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து ரேடியோ வர்ணனை கேட்டுத்தான். போன வருடம் அவர் முதியோர் இல்லத்துக்குக் குடிபோனபோது ஒரு பழைய உறையை என் கையில் கொடுத்தார். "வைத்துக்கொள், விற்றுக்கொள், உன் இஷ்டம்" என்றார்.

உள்ளே இருந்தது ஒரு பேஸ்பால் கார்டு. டாப்ஸ் நிறுவனம் பபிள்கம் பாக்கெட்டில் வைத்து விற்ற ஆட்டக்காரர் படக் கார்டுகளில், 1955 வரிசையின் 164-ஆம் எண். ரொபெர்ட்டோ கிளமென்டேயின் ரூக்கி கார்டு, அதாவது அவருடைய முதல் வருடக் கார்டு.

பிட்ஸ்பர்க்கில் இருப்பவர்களுக்குக் கிளமென்டே யாரென்று சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து 18 பருவங்கள் எங்கள் ஊர் அணியான பைரட்ஸுக்கு மட்டுமே ஆடியவர். சரியாக 3,000 ஹிட்டுகள், அதாவது பந்தை அடித்துத் தளம் சேர்ந்த தடவைகள். 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு கிளம்பிய விமானம் கடலில் விழுந்தது. அவர் உடல் கிடைக்கவே இல்லை. பைரட்ஸின் இப்போதைய மைதானமான பிஎன்சி பார்க்கில், அவர் நின்று ஆடிய ரைட் ஃபீல்டு பக்கத்துச் சுவர் 21 அடி உயரம் இருப்பது அவருடைய சட்டையின் 21-ஆம் எண்ணுக்காக. அந்தக் காலத்து வர்ணனையாளர்கள் அவரை 'பாப்' ஆக்கினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. 1957 முதல் பல வருடங்கள் டாப்ஸ் கார்டிலும் 'பாப்' என்றே அச்சானது. இந்த 1955 கார்டில் அவர் ரொபெர்ட்டோவாகவே இருக்கிறார். என் பெயரையும் அலுவலகத்தில் முதல் வாரமே இரண்டு எழுத்தாக வெட்டினார்கள். அதனாலேயே இந்தக் கார்டு எனக்கு நெருக்கமாகிவிட்டது.

கார்டின் பின்பக்கம், ஒரு குழந்தையின் கையெழுத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: "ஏப்ரல் 17. நான் பார்த்தேன்." கிளமென்டே முதன்முதலாகப் பெரிய லீக்கில் ஆடியது 1955 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை, ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில், புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு எதிராக. ஒன்பது வயதில் அப்பாவோடு போய் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார் எங்கள் பெரியவர். அப்புறம் பபிள்கம் பாக்கெட்டில் இந்தக் கார்டு கிடைத்ததும் உட்கார்ந்து அந்த வரியை எழுதியிருக்கிறார்.

விற்பதா வைத்துக்கொள்வதா என்று இரண்டு மாதம் வீட்டில் பேச்சு ஓடியது. இந்தக் கார்டு நடுத்தர நிலையில் இருந்தாலே சில ஆயிரம் டாலர் போகும். மகள் கல்லூரிக்குப் போகிற நேரம். "வித்தா ஒரு செமஸ்டர் செலவுக்கு ஆகும். ஆனா அவர் முகத்துல எப்படி முழிப்பீங்க?" என்றாள் மனைவி. வருமான வரிக் கணக்கையும் பார்த்தேன். சேகரிப்புப் பொருளை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 28 சதவீதம் வரை கூட்டாட்சி வரி உண்டு. பரிசாக வந்த பொருளுக்குக் கொடுத்தவர் போட்ட விலையே அடக்கவிலை. கம் பாக்கெட்டுக்குக் கொடுத்த சில்லறைதான் இங்கே அடக்கம் என்பதால், வருகிற பணம் அத்தனையும் கிட்டத்தட்ட லாபம்தான். முடிவுக்கு வர முடியவில்லை. முடிவெடுக்காமலே ஒரு கடைக்குப் போனேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

டீலர் கார்டை விளக்குக்குக் கீழே பிடித்தார். முன்பக்கத்தைப் பார்த்த முகம் வேறு, பின்பக்கத்தைத் திருப்பிய முகம் வேறு. "ஐயோ, பென்சில்" என்றார். கார்டின் நிலையைப் பார்த்து எண் போடும் கிரேடிங் நிறுவனத்தின் தரச்சீட்டில், எழுத்து இருந்தால் அதற்கென்று தனிக் குறி விழும், விலை பாதியாகும் என்றார். குறி விழும், விலை குறையும் என்பதெல்லாம் உண்மைதான். அரை உண்மையை வைத்துத்தான் இவர்கள் ஆளை மடக்குகிறார்கள். 1,800 டாலர் உடனே தருவதாகச் சொன்னார். யோசிக்கிறேன் என்றேன். "விற்கவே வேண்டாம், கிரேடிங்குக்கு நான் அனுப்பித் தருகிறேன், லேசாகச் சுத்தம் செய்து அனுப்பினால் நல்ல எண் வரும், பிறகு நிதானமாக முடிவு செய்யுங்கள்" என்றார். அவ்வளவு கரிசனமாகச் சொன்னார். சுத்தம் என்றால் தூசி தட்டுவது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். ரசீதில் இருந்தது "பேஸ்பால் கார்டு 1, சுத்தம் செய்ய அனுமதி" என்பது மட்டும்தான். வருடம் இல்லை, எண் இல்லை, என்ன நிலையில் வாங்கினார் என்பது இல்லை.

ஏழு வாரம் கழித்து, முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில் கார்டு வந்தது. ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை. அசல் கார்டுதான், ஆனால் மாற்றப்பட்டது என்று போட்டிருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். பென்சில் வரி இல்லை. அந்த இடத்தில் காகிதம் மட்டும் பஞ்சுபோல் மேலெழுந்திருந்தது. மற்ற மூன்று ஓரங்களும் பழுப்பேறியிருக்க, வலது ஓரம் நேற்று வெட்டியது போல வெள்ளையாக இருந்தது. மழுங்கியிருந்த மூலைகளைக் கூராக்க அந்த ஓரத்தைச் சீவியிருக்கிறார்கள்.

டீலரிடம் கேட்டால், "டாப்ஸ் அப்போது அப்படித்தான் வெட்டியது" என்றார். எழுபது வருடம் பழுப்பாகாமல் ஒரு ஓரம் மட்டும் எப்படி வெள்ளையாக இருக்கும்? அதற்குப் பதில் இல்லை. "மாற்றப்பட்ட கார்டுக்கு இனி மதிப்பு இல்லை, வேண்டுமானால் 600 டாலர் தருகிறேன்" என்றார். தெரியாமல் கெடுத்தாரா, அடிமாட்டு விலைக்கு வாங்கத் திட்டமிட்டே கெடுத்தாரா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓரம் சீவுவது இந்தத் தொழிலில் புதிதில்லை. சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த டி206 என்ற பழைய வரிசையின் புகழ்பெற்ற கார்டு, ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரருடையது; அதன் ஓரத்தைத் தானே வெட்டியதாக, ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்கு வெகு முன்பே, வெட்டியது தெரியாமல், கிரேடிங்கில் அந்தக் கார்டுக்குப் பத்துக்கு எட்டு கொடுத்திருந்தார்கள்.

என்னிடம் ஆதாரம் என்று இருப்பது ஒரே ஒரு படம். மகள் மேசைமேல் சாய்வாக வைத்து எடுத்தது, முன்பக்கம் மட்டும். பின்பக்கத்தைப் படம் எடுக்கவே இல்லை. அளவும் எடுக்கவில்லை. 1955 டாப்ஸ் கார்டு படுக்கைவாட்டில் இருக்கும்: 3¾ அங்குல அகலம், 2⅝ அங்குல உயரம். 1957-இல்தான் இப்போதைய 2½-க்கு 3½ வந்தது. கொடுப்பதற்கு முன் ஒரு ஸ்கேலை வைத்து இருபக்கமும் படம் எடுத்திருந்தால் இன்று அவர் வாயடைத்திருக்கும். தயவுசெய்து நீங்கள் எடுத்து வையுங்கள். நான்கு மூலையும் நான்கு ஓரமும் தெரிய வேண்டும். கிரேடிங் வேண்டுமென்றால் நேரடியாக நீங்களே அனுப்பலாம், இடையில் யாரும் தேவையில்லை. "சுத்தம்" என்ற சொல் ரசீதில் இருந்தால் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன், விற்கப் போகிறோமா இல்லையா என்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுப் போங்கள். தீர்மானிக்காமல் வருகிறவனை அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்.

பெரியவரிடம் மறைக்க மனம் வரவில்லை. போன ஞாயிறு இல்லத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு உறையை வாங்கி மேசை விளக்கின் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இதோ பார்" என்றார். பென்சிலை அழுத்தி எழுதிய தடம், 'ஏப்ரல்' என்பதில் பாதி, சாய்ந்த வெளிச்சத்தில் தெரிந்தது. உறையை உடைத்துக் கார்டை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார், மறுபடி எழுதித் தருகிறாராம். இனி விற்கிற பேச்சு எங்கள் வீட்டில் இல்லை.

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் மாவட்ட நீதிபதியிடம் 12,000 டாலர் வரை வழக்குப் போடலாம். அதற்கும் தாள்கள் தயார் செய்துகொண்டிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.