எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்: வீட்டுக் கணினிக்குச் சின்னதா, பெரியதா, எஸ்எஸ்டியா?

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது உள்ளங்கையில் அடங்கும் 2.5 அங்குல டிஸ்க்தான். ஒரே கேபிள், தனி அடாப்டர் கிடையாது, பையில் போட்டால் கனம் தெரியாது. லேப்டாப்போடு அலைபவருக்கு அது சரி. மேசையை விட்டு அசையாத கணினிக்கும் பழக்கதோஷத்தில் அதையே வாங்குவதுதான் தப்பு. மேசையில் வைக்கவென்றே அடாப்டரோடு வரும் 3.5 அங்குல டிஸ்க் இருக்கிறது. கொள்ளளவு குறைவாகப் போதும் என்றால், சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் போர்ட்டபிள் எஸ்எஸ்டி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 2.5 அங்குலத்துக்கு மிஞ்சும் வேலை, நினைப்பதைவிடக் கொஞ்சம்தான்.

சுழலும் இரண்டு

2.5 அங்குல டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. காலியாக இருக்கும்போது வினாடிக்கு 130 மெகாபைட் வரை எழுதும். நிரம்ப நிரம்ப வேகம் ஏறக்குறைய பாதியாகும். தட்டின் வெளிவட்டம் நீளமானது, ஒரு சுற்றில் அதிகத் தரவு பிடிக்கும், உள்வட்டம் குறுகியது. இது எல்லா ஹார்ட் டிஸ்க்குக்கும் பொது, கோளாறு அல்ல.

உண்மையான தலைவலி பதிவு முறையில் இருக்கிறது. 2 டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ள 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஒரு வரிசை ஓட்டின் மேல் அடுத்த வரிசை ஏறி உட்காருமே, அதுபோலத் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் அதையொட்டிய தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். இந்தச் சிரமத்தை மறைக்க, டிஸ்க் முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் எழுதிக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது இடம் மாற்றும். அந்தப் பகுதி நிரம்பிவிட்டால் வேகம் 30 மெகாபைட்டுக்கோ அதற்கும் கீழோ சரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 டெராபைட்டை 130 மெகாபைட் வேகத்தில் எழுத இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், 30 மெகாபைட்டில் ஒன்பதே கால் மணி நேரம். படிப்பதில் இந்தச் சிக்கல் இல்லை. அதனால் பழைய புகைப்படங்களை ஒருமுறை கொட்டி வைத்துவிட்டு எப்போதாவது பார்ப்பவர் எஸ்எம்ஆரை உணரவே மாட்டார். தினமும் முழு பேக்கப் எடுத்து, பழையதை அழித்து, அதே இடத்தில் எழுதுபவர்தான் மாட்டிக்கொள்வார். பெட்டியின் மேல் இதை அச்சிடுவது அரிது. தயாரிப்பாளரின் விவரத் தாளில் மாடல் எண்ணை வைத்துத் தேட வேண்டும்.

3.5 அங்குலத்தில் 8 டெராபைட்டிலிருந்து 20 டெராபைட்டுக்கு மேல் வரை கிடைக்கிறது. பெரிய கொள்ளளவுகளில் அநேகமாகத் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத, வழக்கமான சிஎம்ஆர் பதிவுதான். வேகம் 180 முதல் 250 மெகாபைட். நீண்ட நேரம் எழுதினாலும் திடீரென்று படுத்துக்கொள்ளாது. ஒரு டெராபைட்டுக்கு ஆகும் செலவும் பொதுவாக இதில்தான் குறைவு. பதிலுக்கு நாம் கொடுப்பது ஒரு பிளக் பாயின்ட், கொஞ்சம் சத்தம், மின்சாரம் போனால் பாதியில் நிற்கும் எழுத்து. கணினிக்கு யுபிஎஸ் இருந்தால் இந்த அடாப்டரையும் அதிலேயே சொருகுங்கள்.

அந்த அடாப்டர் 12 வோல்ட். சில லேப்டாப் அடாப்டர்களின் 19 வோல்ட் முனை இதே ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். சொருகினால் பலகை கருகும். வாங்கிய அன்றே அடாப்டரின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதிவிடுவது நல்லது. நெட்டுக்குத்தாக நிறுத்தும் பெட்டியாக இருந்தால் காற்றுத் துளைகளை மறைக்காமல் படுக்க வைக்க முடியுமா என்று பாருங்கள். சுழன்றுகொண்டிருக்கும்போது மேசையிலேயே சாய்ந்து விழுந்தாலும் தரவைப் படித்து எழுதும் ஹெட் தட்டில் உரசும் அபாயம் உண்டு.

2.5 அங்குலத்துக்கு மின்சாரம் யுஎஸ்பி போர்ட்டிலிருந்தே வர வேண்டும். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு வினாடிதான் இழுப்பு அதிகம். போதாவிட்டால் டிக் என்று ஒரு சத்தம், திரையில் டிஸ்க் தோன்றும், மறையும், மறுபடி தோன்றும். டிஸ்க் போய்விட்டது என்று பதறும் முன், மின்சாரம் இல்லாத ஹப்பையும் கேபினெட்டின் முன்பக்க போர்ட்டையும் தவிர்த்து, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் சொருகிப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீரும்.

பழுது என்று வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. 3.5 அங்குலப் பெட்டிக்குள் இருப்பது, கணினிக்குள் மாட்டும் இணைப்பு முனையுள்ள சாதாரண சாட்டா டிஸ்க்கும் ஒரு சிறு இணைப்புப் பலகையும். பலகை செத்தால் டிஸ்க்கைக் கழற்றி நேராகக் கணினியில் மாட்டலாம். இதில் ஒரு கண்ணி உண்டு: சில மாடல்களில் இணைப்புப் பலகையே தரவைப் பூட்டி எழுதும், சிலவற்றில் செக்டர் (டிஸ்க் தரவைப் பிரித்து வைக்கும் சிறு துண்டு) அளவை மாற்றிக் காட்டும். அவற்றைக் கழற்றி மாட்டினால் விண்டோஸ் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிடாதீர்கள். அதே மாடல் பலகை கிடைத்தால் தரவு திரும்ப வர வாய்ப்பு உண்டு. 2.5 அங்குலத்தில் பலவற்றில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் பலகையிலேயே ஈயம் வைத்துப் பற்ற வைக்கப்பட்டிருக்கும், சாட்டா முனையே கிடையாது. அந்த அகலமான மைக்ரோ-பி சாக்கெட் ஆட்டம் கண்டால் ரெகவரி ஆட்களிடம்தான் போக வேண்டும்.

எஸ்எஸ்டி: வேகம் பெட்டியில், தடை கேபிளில்

சாம்சங் டி7 போன்ற போர்ட்டபிள் எஸ்எஸ்டிகளில் எழுதியிருக்கும் 1,050 மெகாபைட், 10 ஜிகாபிட் போர்ட்டில் மட்டும் கிடைப்பது. யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் பெயரில்தான் வேறு. எல்லாம் அதே 5 ஜிகாபிட், கைக்கு வருவது 400 முதல் 450 மெகாபைட். 2,000 மெகாபைட் என்று வரும் மாடல்களுக்கு ஜென் 2x2 போர்ட் வேண்டும். பெரும்பாலான கணினிகளில் அது இல்லை, அதனால் 1,000 வாக்கில் நின்றுவிடும். அந்தப் போர்ட் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு இந்தக் கவலையே வேண்டாம், 5 ஜிகாபிட் தாராளம்.

கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஃபோனோடு வரும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் யுஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும். வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. 10 ஜிகாபைட் கோப்பு ஒன்றை காப்பி செய்து பாருங்கள்: 10 ஜிகாபிட் போர்ட்டில் சரியான கேபிளில் பத்துப் பன்னிரண்டு வினாடி, வேகம் 40 மெகாபைட்டை ஒட்டியே நின்று நாலு நிமிடத்துக்கு மேல் இழுத்தால், குற்றவாளி எஸ்எஸ்டி அல்ல. யுஎஸ்பி 3 இன்னொரு வேடிக்கையும் செய்யும். அதன் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் கசிவதால், அருகிலேயே வயர்லெஸ் மவுஸின் டாங்கிள் இருந்தால் மவுஸ் தடுமாறும். டாங்கிளை வேறு பக்கம் மாற்றினால் போதும்.

மலிவு எஸ்எஸ்டிகளில் கியூஎல்சி (ஓர் அறையில் நான்கு பிட் அடைக்கும்) சில்லுகள் இருக்கும். வேகமான கேஷ் பகுதி தீரும்வரை பறக்கும். தீர்ந்தபின் சில மாடல்கள் சுழலும் டிஸ்க்கைவிட மெதுவாகும். ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஜிகாபைட் வீடியோ கொட்டுபவர் டிஎல்சி (ஓர் அறையில் மூன்று பிட்) என்று உறுதி செய்துகொண்டு வாங்க வேண்டும். அலமாரியில் வைத்து மறந்துவிடும் காப்பிக்கு எஸ்எஸ்டி ஏற்றதல்ல. சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதியில், எழுதும் ஆயுளை முழுக்கத் தீர்த்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓர் ஆண்டு தரவைக் காத்தால் போதும். புது எஸ்எஸ்டி அதைவிட வெகுகாலம் தாங்கும். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் சொருகாமல் விடுவது சூதாட்டம். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் அடிக்கடி முனகும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் போகும்.

கணினியிலிருந்து கழற்றிய எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டில் சொருகும் மெல்லிய அட்டை) கையில் இருந்தால் ஓர் உலோக என்க்ளோஷர், அதாவது யுஎஸ்பி பெட்டி, வாங்கி நீங்களே போடலாம். எம்.2 அட்டைகளில் வேகமான என்விஎம்இ, பழைய சாட்டா என்று இரு வகை உண்டு: என்விஎம்இ மட்டும் ஏற்கும் பெட்டியில் சாட்டா எம்.2 அட்டை உள்ளே போகும், ஆனால் கணினியில் தெரியாது. ரியல்டெக் ஆர்டிஎல்9210பி சில்லு உள்ள பெட்டி இரண்டையும் ஏற்கும். அட்டையின் சூட்டைப் பெட்டிக்குக் கடத்தும் வெப்பத் திண்டை ஒட்ட மறந்தால் சூட்டில் வேகம் பாதியாகும்.

விரல் நீளத்தில் 16 டெராபைட் எஸ்எஸ்டி என்று அடிமாட்டு விலையில் வருவது போலி. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு மெமரி கார்டு. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டி, நிரம்பியதும் எழுதியதன் மேலேயே எழுதும்.

எதை எதற்கு

2 டெராபைட் வரை, தினமும் திறந்து வேலை பார்க்கும் கோப்புகளுக்கு எஸ்எஸ்டி. 4 டெராபைட்டைத் தாண்டினால், கணினி நகராது என்றால், யோசிக்காமல் 3.5 அங்குலம். 2.5 அங்குலத்தை இரண்டாவது காப்பிக்கு வாங்குங்கள்: மாதம் ஒருமுறை எழுதி, கழற்றி, வேறு வீட்டில் வைப்பதற்கு அதைவிட வசதியானது இல்லை. அங்கே எஸ்எம்ஆரின் மந்தமும் உறுத்தாது, இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடலாம்.

முதல் நாள்

1 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 931 ஜிகாபைட் என்று காட்டும். ஏமாற்று இல்லை, எண்ணும் முறை வேறு. டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது, விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை. மேக் அதைப் படிக்கும், எழுதாது. இரண்டுக்கும் பொதுவாக எக்ஸ்ஃபேட். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) இல்லாததால் எழுதும்போது பிடுங்கினால் கோப்புப் பட்டியலே சிதையலாம். விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து விரைவாகக் கழற்றும் வசதி இயல்பாகவே இருக்கிறது, ஆனாலும் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை முறைப்படி எஜெக்ட் செய்தே எடுங்கள்.

தரவு ஏற்றும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். பெரிய டிஸ்க்குக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும், பரவாயில்லை. பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில், கெட்ட செக்டர்களை எண்ணும் 05, சி5, சி6 வரிகள் மூன்றையும் பாருங்கள். புது ஹார்ட் டிஸ்க்கில் மூன்றின் மூல எண்ணும் சுழியமாக இருக்க வேண்டும். ஒன்று ஏறியிருந்தாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள். சி7 மட்டும் ஏறினால் அவசரப்படாதீர்கள். அது தரவு வழியில் வரும் பிழை. முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.